ஒற்றைத் தலையணை

"என்னை யாரோ வேவு பார்க்கறாங்க" என்று பல் டாக்டர் சொன்னபோது காலை மணி பத்து. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவர் ஒரு வீடு வாங்கப்போகிறார். நடுவில் இருப்பது ஏழு மணி நேரம். அதற்குள் வேவு பார்ப்பது யார் என்று நாங்கள் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டுமாம். மனுஷன் ரொம்ப சாவகாசமாகத்தான் வந்திருக்கிறார்.

நாங்கள் என்றால் அண்ணியும் நானும். துப்பறிவது அண்ணி. கார் ஓட்டுவது, கதவு தட்டுவது, தேவையில்லாமல் பேசுவது எல்லாம் என் இலாகா. அண்ணி என் சொந்த அண்ணனின் மனைவி. அந்தப் புண்ணியவான் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறேன் என்று பெட்டியோடு கிளம்பியவன்தான், திரும்பவே இல்லை. அவனைத் தேடிப் பிடித்ததுதான் அண்ணியின் முதல் கேஸ். பிடித்த கையோடு வீட்டுக்கு வந்து பூட்டை மாற்றினார். புதுச் சாவியில் ஒன்றை என் கையில் கொடுத்தார். கூடப் பிறந்தவன்தான், ஆனாலும் நான் யார் பக்கம் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

"விவரமாச் சொல்லுங்க" என்றார் அண்ணி.

"பூங்காவை ஒட்டின தெருவுல ஒரு வீடுங்க. காலியாக் கிடந்தது. சீக்கிரம் விக்கணும்னு ஒரு கம்பெனிக்காரங்க சோபா, கட்டில், திரைச்சீலை எல்லாம் போட்டு, ஆள் குடியிருக்கிற மாதிரி அலங்காரம் பண்ணி வெச்சிருக்காங்க. வித்ததும் சாமானை அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க. இப்ப அதுதான் பேஷன்."

"சரி."

"முதல் தடவை உள்ளே போனதுமே சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சு. நாற்காலி ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டிருக்கு. எனக்கு அப்படித்தான் பிடிக்கும். நான் இடது கைக்காரன். பக்கத்துல இருக்கிற குட்டி மேஜை இடது பக்கம். அடுப்படியில கெட்டிலோட கைப்பிடி இடது பக்கம். அலமாரியில ஹேங்கர்கூட நான் மாட்டற மாதிரி திரும்பியிருக்கு. ரெண்டு தடவை சந்தோஷமா இருந்துச்சு. நேத்து நாலாவது தடவை போனப்ப பயம் பிடிச்சுக்கிச்சு. இதெல்லாம் அடுத்தவங்களுக்கு எப்படித் தெரியும்? என் வீட்டை யாரோ எட்டிப் பார்க்கறாங்க!"

"ரெண்டு தடவை சந்தோஷம், நாலாவது தடவை பயம். மூணாவது தடவை என்ன சார் ஆச்சு?" என்றேன் நான்.

"மூணாவது தடவை என் மனைவி மட்டும் போனா" என்றார் அவர் எரிச்சலாக.

"அவங்க என்ன சொன்னாங்க?" அண்ணி கேட்டார்.

"அந்த வீட்டுல ஏதோ சரியில்லைங்கறா. என்னடின்னு கேட்டா சொல்லத் தெரியலை. கையெழுத்துப் போட இழுக்கறா. இப்ப நாங்க இருக்கற ஃப்ளாட் அவ அம்மா அவளுக்கு விட்டுட்டுப் போனது. அதைக் கொடுத்துட்டுத்தான் இதை வாங்கறோம். ரெண்டு பத்திரமும் தயார். சாயங்காலம் அந்த வீட்டுலயே வெச்சுக் கையெழுத்து."

"புது வீடு யார் பேருல?"

"என் பேருலதான். அவளுக்குப் பேப்பர் விஷயமெல்லாம் புரியாதுங்க. பாவம், லைப்ரரியில வேலை பார்க்கறா."

லைப்ரரியில் வேலை பார்க்கிறவருக்குப் பேப்பர் புரியாதாம். வாயைத் திறக்கப்போன என்னை அண்ணி ஒரு பார்வையால் அடக்கினார்.

"உங்களுக்கு இது முதல் கல்யாணமா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லைங்க. முதல் மனைவி இறந்துட்டா. ஒன்பது வருஷம் ஆச்சு."

எனக்கே த்சொ த்சொ என்று ஆகிவிட்டது. ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். இப்போது நினைத்தால் அந்தத் தண்ணீரைத் திருப்பி வாங்கலாம் போல இருக்கிறது.

"அஞ்சு மணிக்கு நீங்க அங்க வந்துடுங்க. கண்டுபிடிச்சதை என் மனைவி முன்னாடியே சொல்லுங்க. அவளுக்கு பயம் தெளிஞ்சாத்தான் பேனாவைத் தொடுவா" என்றார் டாக்டர்.

"கண்டுபிடிச்சதை முழுசாத்தான் சொல்லுவேன். பாதியைச் சொல்லிட்டுப் பாதியை முழுங்கற பழக்கம் எனக்குக் கிடையாது. சம்மதமா?"

"தாராளமா."

அவர் தன் பேரையும் விலாசத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். இடது கைக்காரர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. எழுத எழுதக் கை பின்னாலேயே வந்து மையை இழுத்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு வால் முளைத்திருந்தது. கை துடைக்க நான் காகிதம் நீட்டினேன். அண்ணி சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டைத் திறந்துவிட்டவர் புரோக்கர். நல்ல மனுஷர், நிறுத்தாமல் பேசுவார். என் ஜாதி.

வீடும் அழகாகத்தான் இருந்தது. இளம் பச்சைச் சுவர், வெயிலை வடிகட்டி விடுகிற திரை, கசங்காத மெத்தை விரிப்பு. அடுப்படியில் தட்டு கழுவும் தொட்டி பளபளவென்று இருந்தது. எங்கேயும் ஒரு குப்பைக்கூடையோ, செருப்போ, வயர் தொங்கும் சார்ஜரோ இல்லை. அலங்காரம் செய்த வீட்டை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

"யார் பண்ணது இந்த அலங்காரம்?" அண்ணி கேட்டார்.

"ஜோடி மேடம். இந்தத் தொழிலை இங்கே ஆரம்பிச்சதே அவங்கதான். எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சோபா, ரெண்டு விளக்கோட ஆரம்பிச்சாங்க. இப்ப ஒரே சமயத்துல முப்பது வீடு நடத்தறாங்க. யார் யார் பார்க்க வர்றாங்கன்னு முன்னாடியே நாங்க பேர் அனுப்பிடுவோம். குழந்தை உள்ளவங்கன்னா ஒரு ரூம்ல தொட்டில் போடுவாங்க. ஓய்வு பெற்றவங்கன்னா கீழ்த்தளத்துல படுக்கை. ஆள் வர்றதுக்கு முன்னாடி வேலையை முடிச்சுட்டுப் போயிடுவாங்க. வாங்கறவங்க கண்ணுல அவங்க பட்டதே கிடையாது."

"ஜோடி மேடம்னா?"

"எதைப் போட்டாலும் ரெண்டு ரெண்டாத்தான் போடுவாங்க. ரெண்டு விளக்கு, ரெண்டு கப், பால்கனியில ரெண்டு நாற்காலி. வர்றவங்க சுவத்தைப் பார்க்கறதில்லை, அங்க சேர்ந்து இருக்கப்போறதைத்தான் பார்க்கறாங்கன்னு சொல்லுவாங்க. அதனால பசங்க வெச்ச பேரு."

எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. நான் அண்ணியின் காதைக் கடித்தேன். "அண்ணி, இது தூண்டில். வீடு ஓட்டையா இருக்கும். டாக்டருக்குப் பிடிச்ச மாதிரி ஜோடிச்சு, ஓட்டையை மறைச்சு, தலையில கட்டப் பார்க்கறாங்க."

"பாரேன்" என்றார் அண்ணி.

பார்த்தேன். கண்ணாடியை நகர்த்தினேன், பின்னால் விரிசல் இல்லை. ஜமக்காளத்தைத் தூக்கினேன், ஈரம் இல்லை. குழாய்களைத் திறந்தேன், தண்ணீர் என் சட்டை மேலேயே பாய்ந்தது. ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்தேன். புரோக்கர் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து, நனைந்த சட்டையோடு ஹாலுக்குத் திரும்பினேன்.

"வீடு கல்லு மாதிரி இருக்கு அண்ணி" என்றேன்.

அண்ணி டாக்டர் சொன்ன அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது பக்க மேஜையில் சின்னதாக ஒரு பச்சைக் கண்ணாடிக் கிண்ணம். விளிம்பில் மூன்று பள்ளம்.

"இது என்ன தம்பி?"

"ஆஷ்ட்ரே."

"ஐயையோ, மேடம் ஆஷ்ட்ரே வைக்கவே மாட்டாங்களே" என்று பதறினார் புரோக்கர். "சிகரெட் நினைப்பு வந்தாலே மூக்குல நாத்தம் வந்துடும், வீடு விக்காதும்பாங்க. யாரோ பசங்க வெச்சிருப்பாங்க."

அண்ணி டாக்டருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?"

"முன்னாடி பிடிச்சேன். விட்டு ஒன்பது வருஷம் ஆச்சு. என் மனைவிக்கு அது தெரியாது. தொட்டதே இல்லைன்னு சொல்லி வெச்சிருக்கேன். அதை மட்டும் பெரிசு பண்ணாதீங்க" என்றார்.

அண்ணி போனை வைத்தார். "இன்னைக்கு ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கறவனுக்கு ஒன்பது வருஷத்துக்கு முந்தின சிகரெட் எப்படித் தெரியும்? இது வேவு இல்லை தம்பி. இது ஞாபகம்."

அப்புறம் எழுந்து நின்று, "இந்த வீட்டுல இருக்கறதையெல்லாம் எண்ணு" என்றார்.

எண்ணினேன். நாற்காலி ஒன்று. கெட்டில் பக்கத்தில் கப் ஒன்று. பால்கனியில் ஸ்டூல் ஒன்று. படிக்கிற விளக்கு ஒன்று. குளியலறையில் துண்டு ஒன்று. அலமாரி முழுக்க ஆண்பிள்ளைச் சட்டைக்கான அகல ஹேங்கர்கள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. படுக்கையறையில் நாலு பேர் படுக்கலாம் போல ஒரு கட்டில், அதன் நட்டநடுவில் ஒரே ஒரு தலையணை.

ஜோடி மேடம் என்று பேர் வாங்கினவர், கணவன் மனைவி வாங்க வருகிறார்கள் என்று தெரிந்தே ஜோடித்த வீடு. அதில் ஒரு பெண் உட்கார இடமில்லை. டாக்டர் நாற்காலியின் திசையைக் கவனித்தார், கெட்டிலின் கைப்பிடியைக் கவனித்தார், ஹேங்கரின் கொக்கியைக்கூடக் கவனித்தார். பெண்டாட்டிக்குத் தலையணை இல்லை என்பது அவர் கண்ணில் படவே இல்லை.

"மறந்திருப்பாங்களோ?" என்றார் புரோக்கர்.

"நீங்க கமிஷனை மறப்பீங்களா?" என்றேன். மனுஷர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணி மெத்தை விரிப்பைத் தூக்கினார். கட்டிலே இல்லை. அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை போட்டு, அதன் மேல் காற்று மெத்தை. இது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதானாம், யாரும் படுக்கப்போவதில்லையே. பத்துப் பெட்டிகள் புதுசு. தலைமாட்டில் இருந்த ரெண்டு மட்டும் பழசு, மூலையெல்லாம் நைந்துபோயிருந்தது. ரெண்டிலும் கறுப்பு மார்க்கரில் ஒரே வாசகம்.

'அவளுடைய சாமான். வாட்ச்மேனிடம் கொடுக்கவும்.'

ஒவ்வொரு வரிக்கும் ஒரு வால் முளைத்திருந்தது. அண்ணி கைப்பையிலிருந்து காலைச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். ஒரே எழுத்து, ஒரே வால்.

"இப்ப ஜோடி மேடத்தைப் பார்க்கலாம்" என்றார் அண்ணி.

ஜோடி மேடத்தின் கிடங்கு ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் ஒரு பெரிய கொட்டகை. உள்ளே சோபாக்கள் வரிசையாக, விளக்குகள் வரிசையாக, செயற்கைப் பூந்தொட்டிகள் வரிசையாக, எல்லாம் ரெண்டு ரெண்டாக. ஒவ்வொன்றின் அடியிலும் எண் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் ரெண்டு பெண்கள் மெத்தை உறைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் அளவு டேப்போடு, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணி அந்தப் பச்சை ஆஷ்ட்ரேயை மேஜை மேல் வைத்தார்.

அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அஞ்சு மணிக்குள்ள யாராவது வருவாங்கன்னு தெரியும். போலீஸ் வரும்னு நினைச்சேன். நீங்க குடும்பமா வந்திருக்கீங்க."

"உங்க வீட்டுப் பூட்டை எப்ப மாத்தினார்?" அண்ணி கேட்டார்.

மேடத்தின் கை நின்றது. அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. இஸ்திரி போடுகிற பெண்களை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். அவர்கள் போனதும் சொல்ல ஆரம்பித்தார்.

"எங்க அம்மாவுக்கு ஆபரேஷன். நாப்பது நாள் ஆஸ்பத்திரியில கூடவே இருந்தேன். காப்பாத்த முடியலை. அம்மாவோட பையைக் கையில பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வர்றேன், சாவி நுழையலை. பெல் அடிச்சேன். யாரோ ஒரு பொண்ணு இடுப்புல குழந்தையோட வந்து கதவைத் திறந்து, யார் வேணும்னு கேட்டா. வீட்டை வித்துட்டார். சாமான் சட்டியோட வித்துட்டார். நான் கல்யாணத்தப்ப போட்டுக்கிட்டு வந்த நகையை வித்து வாங்கின வீடு, ஆனா பத்திரம் அவர் பேருல. எனக்குப் பேப்பர் விஷயம் புரியாதாம்."

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வாட்ச்மேன் ரெண்டு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். எட்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். என்னுடையதுன்னு ரெண்டு பெட்டிதான் தேறுச்சு. எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்து யோசிச்சேன். அந்த வீட்டுல எனக்குன்னு ஒரு நாற்காலி இருந்ததா? இல்லை. ஒரு விளக்கு? இல்லை. அவர் உட்கார்ற இடம், அவர் படிக்கற இடம், அவர் புகை விடற இடம். நான் சுத்தம் பண்ற இடம், அவ்வளவுதான். அன்னைக்கு அழலை. அன்னைக்கு வந்த கோபம் இன்னும் ஆறலை. ஆற வேண்டாம்னுதான் வெச்சிருக்கேன்."

அவர் தலையணையை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். தூசு பறந்தது.

"போன மாசம் புரோக்கர் அனுப்பின லிஸ்டுல அவர் பேரைப் பார்த்தேன். மனைவியோட வீடு பார்க்க வர்றார்னு இருந்துச்சு. விசாரிச்சேன். அந்தப் பொண்ணுக்கு அம்மா வீடு இருக்கு, அதை விக்கறாங்கன்னு தெரிஞ்சுது. அந்தப் பழைய வீடு எப்படி இருந்துச்சோ அப்படியே அங்க ஜோடிச்சேன். ஒரு சாமான் இடம் மாறலை. அந்த ஆளுக்கு அடையாளம்கூடத் தெரியலை பாருங்க! சொந்த வீடு மாதிரி இருக்காம்!"

"ஆனா மேடம், முதல் மனைவி இறந்துட்டாங்கன்னு எங்ககிட்ட சொன்னாரே" என்றேன், வாயை அடக்க முடியாமல்.

"எனக்கும் அப்படித்தான் தகவல் வந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன். முதல் மனைவி பேசறேன்னு சொன்னதும் பயந்து வெச்சுட்டா. செத்துப்போனவகிட்ட யார் பேசுவா?"

அந்த நிமிஷத்திலிருந்து அந்த டாக்டருக்கு என்னிடம் மரியாதை கிடையாது. இனி அவன், இவன்தான்.

"நேர்ல போய் நின்னிருக்கலாமே?" என்றார் அண்ணி.

"பொறாமை பிடிச்சவன்னு ஒரு வார்த்தையில என்னை முடிச்சிடுவார். பேச்சுல அவரை ஜெயிக்க முடியாது, எட்டு வருஷம் முயற்சி பண்ணியிருக்கேன். எனக்குத் தெரிஞ்ச பாஷை சாமான்தான். அந்த வீட்டைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு தடவையாவது தோணணும், நமக்கு எங்க இடம்னு." மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு தடவை வந்துட்டா. இன்னும் ஒண்ணும் சொல்லலை. அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போட்டுட்டா, அம்மா வீடும் போச்சு, எல்லாம் போச்சு. அவரைப் பழிவாங்கறேன் பேர்வழின்னு நானே அந்தப் பொண்ணைக் குழியில தள்ளின மாதிரி ஆயிடும்."

அண்ணி எழுந்தார். "அஞ்சேகாலுக்கு ஒரு வண்டியும் ஆளுங்களும் கொண்டு வாங்க. வீடு வித்தாலும் விக்காட்டாலும் உங்க சாமானை நீங்க எடுக்கணும் இல்லையா?"

அஞ்சு மணி. ஹாலில் அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கால் மேல் கால். பத்திரங்கள் இடது பக்க மேஜையில். புரோக்கர் ஜன்னல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தார். டாக்டரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், தோளில் துணிப்பை, கையில் மூடி கழற்றாத பேனா.

"சொல்லுங்க மேடம்" என்றான் அவன்.

"உங்களை யாரும் வேவு பார்க்கலை. உங்க ஃப்ளாட்டை யாரும் எட்டிப் பார்க்கவும் இல்லை. அது நிச்சயம்" என்றார் அண்ணி.

"அப்பாடா! கேட்டியா? சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்கிட்டே. இந்தா, இங்க கையெழுத்துப் போடு."

அந்த அம்மா பேனாவின் மூடியைக் கழற்றினார். அண்ணி அசையவில்லை.

"நான் இன்னும் முடிக்கலை சார். முழுசாச் சொல்றதாப் பேச்சு. தம்பி, அந்தப் பெட்டியை எடுத்துட்டு வா."

நான் படுக்கையறைக்குப் போய் அந்தப் பழைய பெட்டிகளில் ஒன்றை உருவினேன். தலைமாட்டுப் பக்கம் பலகை தொப்பென்று சரிந்தது. பெட்டியை அவன் காலடியில் வைத்தேன், எழுத்து அவன் மனைவியின் பக்கம் இருக்கும்படி.

"இது உங்க கையெழுத்துதானே?" அண்ணி கேட்டார்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சமாளித்தான். "ஆமா. என் முதல் மனைவியோட சாமான். இறந்ததுக்கு அப்புறம் நான்தான் கட்டி வெச்சேன். இது எப்படி இங்க வந்துச்சு?"

"இறந்தவங்க சாமானை எதுக்கு வாட்ச்மேன்கிட்ட கொடுக்கணும்? யார் வந்து வாங்கிக்கறதுக்கு?"

அந்த அம்மா பெட்டியைப் படித்தார். மறுபடியும் படித்தார். லைப்ரரிக்காரர், ரெண்டு வரியை நிதானமாகப் படித்தார்.

"நான்தான் வந்து வாங்கிக்கிட்டேன்" என்றது வாசலில் ஒரு குரல்.

ஜோடி மேடம் நின்றிருந்தார். பின்னால் ரெண்டு ஆட்கள், தெருவில் ஒரு வண்டி. அவர் கையில் உறை மாட்டிய ஒரு தலையணை.

"இவங்க... இவங்க யாரு?" என்றார் அந்த அம்மா.

"அலங்காரம் பண்றவங்க. கூலிக்கு வந்தவங்க" என்று அவசரமாகச் சொன்னான் அவன்.

"ஆமாம்மா. அலங்காரம் பண்றவதான்" என்றார் மேடம். "செத்து ஒன்பது வருஷம் ஆச்சு. மத்தபடி உடம்புக்கு ஒண்ணும் இல்லை."

அவன் கத்த ஆரம்பித்தான். பொய் என்றான், பைத்தியம் என்றான், பொறாமை என்றான். கடைசியில் வந்தது மேடம் சொன்ன அதே வார்த்தை. அண்ணியைப் பார்த்து, "உங்களை வேலைக்கு வெச்சது நான்!" என்றான்.

"நீங்க கேட்ட கேள்விக்குத்தானே சார் பதில் சொல்லிக்கிட்டு இருக்கோம். உங்க மனைவி முன்னாடியே சொல்லுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன் நான். சொல்லும்போது எவ்வளவு இனித்தது தெரியுமா!

அந்த அம்மா அவன் கத்துவதைக் கேட்கவே இல்லை. ஹாலை மெதுவாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு தடவை வந்தேன்" என்றார், மேடத்திடம். "மூணு தடவையும் கால் வலிச்சுது. ஏன்னு தெரியலை. உட்கார இடமே இல்லைன்னு இப்பதான் புரியுது. படுக்கையறையில ஒரு தலையணைதான் இருக்குன்னு இவர்கிட்ட சொன்னேன். உனக்கு வேணும்னா வாங்கிக்கோன்னார்."

"எனக்கும் அதையேதான் சொன்னார்" என்றார் மேடம்.

அவ்வளவுதான். பேனாவின் மூடி டக்கென்று மறுபடி ஏறியது. அந்த அம்மா பத்திரத்தை எடுத்தார், அம்மா வீட்டுப் பத்திரத்தை மட்டும், மடித்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டார். அவன் கையை நீட்டினான். நான் நடுவில் போய் நின்றேன். எனக்குக் கொஞ்சம் பெரிய உடம்பு.

"சார், எழுந்திருங்க" என்றார் மேடம். "அது என் நாற்காலி."

அவன் எழவில்லை. ரெண்டு ஆட்கள் வந்து நாற்காலியின் ரெண்டு பக்கமும் கை வைத்தார்கள். எழுந்துவிட்டான். நாற்காலி போனது, மேஜை போனது, விளக்கு போனது, திரைச்சீலை போனது, கெட்டில் போனது. ஒரு கால் மணி நேரத்தில் ஹால் மொட்டையாக நின்றது. நடுவில் அவன் மட்டும் நின்றான், எங்கே கையை வைத்துக்கொள்வது என்று தெரியாமல். புரோக்கர் மட்டும் பாவமாக, "அப்ப வீடு?" என்றார். "நாளைக்கு வந்து எல்லாம் ரெண்டு ரெண்டாப் போட்டுத் தர்றேன், ஒரு வாரத்துல வித்துடும்" என்றார் மேடம்.

அப்புறம் அந்த ரெண்டு பழைய பெட்டிகளையும் கொண்டுவரச் சொல்லி, அந்த அம்மா கையில் கொடுத்தார். "ஒன்பது வருஷமாப் பத்திரமா வெச்சிருக்கேன். இதை எடுத்துக்கோங்க. அவர் சாமானைக் கட்ட ரெண்டு பெட்டி தாராளமாப் போதும்."

அந்த அம்மா பெட்டிகளை வாங்கிக்கொண்டார். முகத்தில் அழுகை இல்லை. காலையில் எங்கள் ஆபீஸில் அவன் வாயிலிருந்து கேட்ட அந்தப் பயந்த மனைவி இவர்தானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

"எங்க அம்மா வீட்டு வாசக்கதவுக்குப் பூட்டு மாத்தணும். இன்னைக்கே" என்றார். "யாராவது தெரிஞ்ச ஆள் இருக்காங்களா?"

அண்ணி, ஜோடி மேடம், நான், மூன்று பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தோம். மூன்று பேரிடமும் அதே பூட்டுக்காரர் நம்பர்தான் இருந்தது. அவர் அரை மணியில் வந்துவிடுவதாகச் சொன்னார்.